பருப்புத் தண்ணி போதாது

ஜூலை 6, 2025, ஞாயிறு. கொருக்குப்பேட்டை, சென்னை

தங்கச்சியின் பாப்பாவுக்கு இன்று ஆறு மாதம் முடிந்தது. இதுவரை தாய்ப்பால் மட்டும்தான், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. நாளை முதல் தங்கச்சி மறுபடி வீட்டு வேலைக்குப் போகிறாள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் மூன்று வீடு. காலை ஆறரைக்குப் போனால் திரும்ப மதியம் ஆகிவிடும். நான் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறேன், அதனால் அதுவரை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

பாலை நிறுத்தப் போவதில்லை. கிளம்பும் முன்னும் வந்த பிறகும் இரவிலும் கொடுப்பாள், இரண்டு வயது வரைக்கும். ஆனால் பால் மட்டும் இனி பற்றாது. வயிற்றில் இருக்கும்போது குழந்தை சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு தீர்ந்துபோகிறது, தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. எங்கள் குடியிருப்பு பிளாக்கில் வெளுத்துப்போய், எப்போதும் சோர்ந்து மடியிலேயே கிடக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அந்த 57 எனக்கு வெறும் எண்ணாகத் தெரியவில்லை. அவர்களுடைய அம்மாக்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதிப் போடுகிறேன்.

ஜூலை 8

முதல் சாப்பாடு. குழைய வேகவைத்த சாதமும் துவரம்பருப்பும், விரலால் மசித்தது. இரண்டு ஸ்பூன் வைத்தேன், பாதியை நாக்கால் தள்ளிவிட்டாள். புதிதாகச் சாப்பிடும் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் தள்ளும், அதைப் பார்த்துப் "பிடிக்கலை" என்று விட்டுவிடக் கூடாது.

அம்மாவுக்குத்தான் பயம். "இன்னாடி இவ்ளோ கெட்டியா குடுக்குற, தொண்டையில சிக்கிக்கும். பருப்புத் தண்ணிய வடிச்சு குடு."

எங்களையெல்லாம் அப்படித்தான் வளர்த்தாள், இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வயதுக் குழந்தையின் வயிறு ஒரு டம்ளர் அளவுதான் பிடிக்கும். பாலுக்கு மேல் சாப்பாட்டிலிருந்து நாளுக்கு 200 கலோரி போல வேண்டும். வடித்த தண்ணியைக் கொடுத்தால் வயிறு நிரம்பும், தூங்கும், எடை மட்டும் ஏறாது. பருப்பெல்லாம் அடியில் பாத்திரத்திலேயே தங்கிவிடுகிறது. ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று வழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம்.

அம்மாவையே மசிக்கச் சொன்னேன். தன் கையால் கட்டியில்லாமல் மசித்த பிறகு பயம் கொஞ்சம் குறைந்தது.

ஜூலை 11

ரேஷனில் பருப்பும் பாமாயிலும் போட்டார்கள். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அரிசிக்குக் காசில்லை. பாப்பா சாப்பாட்டுக்கு அடிப்படை இதிலேயே வந்துவிடுகிறது. மசித்த சாதத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் அளவு கூடாமலே 40 கலோரிக்கு மேல் சேரும். நெய்தான் வேண்டும் என்றில்லை.

உப்பும் சர்க்கரையும் போடவில்லை. ஒரு வயது வரை தேவையில்லை. தேன் தொட்டு வைக்கவே கூடாது, ஒரு வயதுக்குள் அதிலிருந்து நரம்பைத் தாக்கும் ஒரு நோய் வரலாம்.

ஜூலை 15

கீழ் வீட்டு அக்கா தன் எட்டு மாதப் பையனுக்கு டீயில் பொறையை நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, உட்கார்ந்து பேசினேன். டீ குடித்தால் சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்பும் உடம்பில் ஒட்டாது, பொறையில் மைதாவும் சர்க்கரையும்தான் இருக்கிறது என்றேன்.

"தெரியும்மா. நர்ஸம்மாவும் சொன்னாங்க. காலைல அஞ்சரைக்கு நான் கிளம்பணும், இவன அந்த எட்டு வயசுப் பொண்ணுதான் பாத்துக்குறா. அவளுக்கு அடுப்பு பத்த வைக்கத் தெரியாதே."

இதற்கு நான் என்ன சொல்ல? ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை வாங்குகிறவர்களை எல்லோரும் திட்டுகிறார்கள். அதைப் பிரித்தால் போதும், அடுப்பு வேண்டாம், மசிக்க வேண்டாம், ஆள் வேண்டாம். சத்தான சாப்பாட்டுக்குக் காசைவிட ஒரு ஆளுடைய அரை மணி நேரம்தான் எங்கள் தெருவில் பெரிய விலை. அந்த அரை மணி நேரத்தை யார் கொடுப்பது என்பதைப் பேசாமல் "கேழ்வரகு கொடுங்க, கீரை கொடுங்க" என்று சொல்லிப் பயனில்லை.

அடுப்பே இல்லாமல் என்ன முடியும் என்று இரண்டு பேரும் யோசித்தோம். ஸ்பூனால் மசித்த வாழைப்பழம். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, அதைக் கொதித்து ஆறின தண்ணீரில் பிசைந்து, பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன். இரண்டையும் அந்தப் பெண்ணே செய்துவிடுவாள். மதியம் இவனை என் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். ஒரு பிள்ளைக்கு மசிக்கிற நேரத்தில் இரண்டு பிள்ளைக்கு மசிக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், கூடவே முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். கைக்குழந்தைக்கும் ஒரு வாய் ஊட்டப் பார்த்தார்கள், உப்பு இருக்கிறது என்று சொல்லி நான் வாங்கிக் குடித்துக்கொண்டேன். ஆனால் அந்த வரிசையில் நின்றபோது தோன்றியது: கேழ்வரகு, கீரை, மீன், பிள்ளை வளர இதைவிட என்ன வேண்டும்! எல்லாம் நம் சாமிக்குப் படைக்கிற சாப்பாடு.

வீட்டில் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து அரைத்தேன், கொஞ்சத்தை மட்டும் வறுக்காமலே. கேழ்வரகில் கால்சியம் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்குக் குறையாது, அரிசியில் அது அற்பம்.

முளைகட்டியதில் இன்னொரு நன்மை உண்டு, இதை எல்லோரும் செய்துபார்க்க வேண்டும். கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் களி மாதிரி இறுகிவிடும், குழந்தை விழுங்காது, உடனே தண்ணீர் ஊற்றுவோம், சத்து குறையும். அதற்குப் பதில் கெட்டிக் கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியதும் வறுக்காத முளைமாவு அரை ஸ்பூன் போட்டுக் கிளறுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாகவே இளகிவிடும். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. கொதிக்கும்போதே போட்டால் நொதி செத்துவிடும், அதனால் பலிக்காது. இளகியதும் திரும்ப ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும், அது பச்சை மாவு இல்லையா. ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டாமல் கஞ்சி வழுக்கிக்கொண்டு இறங்கியதைப் பார்த்து அம்மாவே அதிசயப்பட்டாள்.

ஜூலை 30

காசிமேட்டுக்குப் போய் ஒரு கூறு நெத்திலி வாங்கி வந்தேன். தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்ததால் மீன் வரத்து நன்றாக இருக்கிறது.

அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "பல்லு முளைக்காத கொழந்தைக்கு மீனா? மாந்தம் வந்துரும்டி." தங்கச்சியும் தயங்கினாள். மீன்காரம்மாதான் என் பக்கம் நின்றார், தன் பேரன் பேத்தி எல்லோருக்கும் ஏழாம் மாதத்திலிருந்து நெத்திலிதான் என்றார். அம்மாவுக்கு என்னைவிட அவர் சொன்னது எடுபட்டது.

தலை, குடல், நடுமுள் எல்லாம் எடுத்து, மஞ்சள் போட்டு ஆவியில் வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள் பார்த்துச் சாதத்தில் மசித்தேன். முதல் நாள் ஒரு ஸ்பூன். மேலே எதுவும் தடிக்கவில்லை, வாந்தி இல்லை. மீனில் உள்ள இரும்பு உடம்பில் சுலபமாக ஒட்டும், கூடச் சாப்பிடும் பருப்பில் உள்ள இரும்பையும் ஒட்டவைக்கும். கருவாடு மட்டும் வேண்டாம், அத்தனையும் உப்பு.

ஆகஸ்ட் 7

பால்வாடியில் எடை போட்டார்கள். 6.8 கிலோ, போன மாதம் 6.4. வளர்ச்சி அட்டையில் அவள் எடைக் கோடு பச்சைப் பகுதிக்குள்தான் இருக்கிறது. தங்கச்சி வேலைக்கு நேரமானாலும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சத்துமாவுப் பாக்கெட் கொடுத்தார்கள். இதைக் கண்டிப்பாக வாங்குங்கள், குழந்தைக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பல வீடுகளில் பெரிய பிள்ளைகளும் உருண்டை பிடித்துத் தின்று ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. பசிக்கிற பிள்ளையைக் குறை சொல்ல முடியாதுதான், ஆனால் சின்னவளுக்கு வேறு வழியில்லை. வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் மேலே இனிப்பு வேண்டாம்.

ஆகஸ்ட் 16

பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. லாரித் தண்ணீர் பிடிக்கிற டிரம்மை இனி வாரா வாரம் தேய்ப்பது என்று முடிவு. அவளுக்கு எல்லாமே கொதித்து ஆறின தண்ணீரில்தான். உப்பு சர்க்கரைக் கரைசல், 14 நாளைக்கு ஜிங்க் மாத்திரை என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். சாப்பாட்டை நிறுத்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்தேன். குணமான பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால்தான் இழந்தது திரும்பும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று முட்டை. நன்றாக வேகவைத்து, மஞ்சள் கருவோடு வெள்ளையும் துளி. கீழ் வீட்டுப் பையனுக்கும் அதிலேயே பாதி. இப்போது மதியத்தில் மூன்று பிள்ளைகள் வருகிறார்கள், மூன்றாவது பிள்ளையின் பாட்டி பரங்கிக்காய் வாங்கித் தந்துவிட்டுப் போனார். செவ்வாயும் வெள்ளியும் அவர் மசிப்பதாகச் சொல்லியிருக்கிறார், அன்றைக்கு நான் தைக்க உட்காரலாம். திங்கள், வியாழனுக்கு இன்னும் ஆள் வேண்டும். பக்கத்து பிளாக்கில் யாருக்காவது மதியம் அரை மணி நேரம் ஒழிந்தால் வந்து சொல்லுங்கள்.