மொட்டை மாடியில் கட்டிப்போட்ட நாய்க்காகப் புகார் கொடுத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வழக்கு எதுவும் பதிவாகவில்லை. யாரும் அபராதம் கட்டவில்லை. ஆனால் நாய் மாடியை விட்டுக் கீழே வந்துவிட்டது. அதற்காக நான் நடந்த நடையை எழுதி வைத்தால் வேறு யாருக்காவது பாதி நடையாவது மிச்சமாகும்.

எங்கள் ஊர் தென் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் காலில் ஒரு ராஜபாளையம் நாயைக் கட்டியிருந்தார்கள். இரண்டடி இருந்தால் அதிகம், அவ்வளவுதான் சங்கிலி. மாசி, பங்குனி வரை பொறுத்துக்கொண்ட நாய், சித்திரை வெயிலில் தரையில் கால் மாற்றி மாற்றி நிற்க ஆரம்பித்தது. தொட்டியின் நிழல் மதியத்துக்கு மேல் அந்தப் பக்கமே வராது. வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள இனம் அது, வெயில் தாங்காது. வீட்டுக்காரரிடம் நேரில் போய்ப் பேசினேன். “காவலுக்குத்தானம்மா நாய், ஏசி போட்டா வளக்க முடியும்?” என்றார் அண்ணாச்சி. அவர் மனைவி அடுத்த வாரமே நான் வருவதைப் பார்த்துக் கதவைச் சாத்தினார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தபோது உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அந்த மாடியைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கிறது. நியாயமற்ற அளவுக்குக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில், நியாயமற்ற நேரம் கட்டி வைப்பது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை அவ்வப்போது நடக்க, ஓட விடாமல் இருப்பது தனிக் குற்றம். போதிய தீனி, தண்ணீர், தங்க இடம் கொடுக்காதது இன்னொரு குற்றம். இதெல்லாம் அறுபது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்தது. மாநிலங்களவையில் இதற்காக முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் ரொம்ப காலம் சென்னையில்தான் இருந்தது, 2018இல் அரியானாவுக்குப் போய்விட்டது.

அப்புறம் தண்டனையைப் படித்தேன். முதல் முறை என்றால் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் இருபத்தைந்திலிருந்து நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஐம்பது ரூபாய்க்கு இன்று அந்த நாய்க்கு ஒரு நல்ல கழுத்துப்பட்டை கூடக் கிடைக்காது.

சரி, காவல் நிலையம் போனேன். ரைட்டர் மனுவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “நாய் உங்களுதா?” என்றார். இல்லை என்றேன். “அப்ப உங்களுக்கு என்ன பாதிப்பு?” பக்கத்திலிருந்த காவலர், “நீங்க பீட்டாவா?” என்று கேட்டார். இங்கே ஒரு எச்சரிக்கை. விலங்குகளுக்குப் பசி, தாகம், வெயில், வலி, பயம் இல்லாமலும் இயல்புப்படி நடமாடவும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஐந்து சுதந்திரங்களைச் சொன்னது 2014ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டுத் தீர்ப்பில். நாய் வளர்ப்புக்கும் பொருந்துகிற நல்ல பத்திகள் அவை. ஆனால் எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் அந்தத் தீர்ப்பின் பெயரை எடுத்தால் பேச்சு மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் போய்விடும், நாய் மாடியிலேயே நிற்கும். சட்டப் பிரிவை மட்டும் சொல்லுங்கள், போதும்.

ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சி.எஸ்.ஆர்., அதாவது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்தால், “பக்கத்து வீட்டு நாய் குரைப்பது சம்பந்தமாக” என்று எழுதியிருக்கிறது. என் மனுவில் குரைப்பு என்ற சொல்லே இல்லை. மாற்றச் சொன்னேன். “நம்பர் போட்டாச்சும்மா, இனி மாத்த முடியாது. எல்லாம் நாய் பிரச்சினைதானே” என்றார். அந்தத் தாளை எங்கே காட்டினாலும் நான் தூக்கம் கெட்டுப்போய் வந்த அக்கம்பக்கத்துக்காரி ஆகிவிடுவேன். வேறு வழியில்லாமல் மறுநாள் புது மனு எழுதிப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். சி.எஸ்.ஆர். வாங்கினால் அங்கேயே நின்று ‘சம்பந்தமாக’ என்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று படியுங்கள்.

போலீஸ் தயங்குவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது என்பதை ஒரு வழக்கறிஞர்தான் விளக்கினார். விலங்குகளைச் சண்டைக்கு விடுவது மாதிரிச் சிலவற்றில்தான் போலீஸ் தானாக வழக்குப் போட முடியும். கட்டிப்போடுவது, தீனி போடாதது எல்லாம் நீதித்துறை நடுவர் உத்தரவு இல்லாமல் புலனாய்வு செய்ய முடியாத குற்றங்கள். நேரடியாக நடுவர் நீதிமன்றத்தில் தனிப்புகார் கொடுக்கலாம். அதற்கு ஆகும் செலவைக் கேட்டேன். சொன்னார். ஐம்பது ரூபாயை நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் சொன்னார், இதுதான் முக்கியம். குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும், 36ஆம் பிரிவு. அலுவலகம் அலுவலகமாக அலைய விட்டே இந்த மூன்று மாதத்தைத் தின்றுவிடுவார்கள். அதனால் படம் எடுப்பதை நிறுத்தவே கூடாது.

படம் எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. நம் வீட்டு மாடியில் நின்றுதான் எடுக்க வேண்டும், அடுத்தவர் வீட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. ஒரே இடத்திலிருந்து காலை, உச்சி வேளை, சாயங்காலம், ராத்திரி என்று ஒரே நாளில் எடுத்தால்தான் ‘நியாயமற்ற நேரம்’ என்பதற்கு ஆதாரம். பாவமான ஒரு படம் மட்டும் இருந்தால், “இப்பத்தான் கட்டினோம்” என்று சொல்லி முடித்துவிடலாம்.

அடுத்தது மருத்துவர். அரசு கால்நடை மருந்தகத்தில் போய்க் கேட்டால், “நான் எப்படி மேடம் அவங்க வீட்டுக்குள்ள நுழையறது? ஸ்டேஷன்லேருந்து கடிதம் வாங்கிட்டு வாங்க” என்றார். நியாயம்தான். ஸ்டேஷனில், “டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வாங்க, பாக்கலாம்” என்றார்கள். இதுவும் கேட்பதற்கு நியாயம் மாதிரிதான் இருந்தது.

மாவட்டம் தோறும் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் (ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.பி.சி.ஏ.) இருக்க வேண்டும் என்று 2001ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதைத் தேடிக்கொண்டு ஆட்சியர் அலுவலகம் போனேன். “எஸ்.பி.சி.ஏ. எங்கே இருக்கு?” என்று கேட்டதற்கு விசாரணை மேசையில் இருந்தவர் கை காட்டியது எஸ்.பி. அலுவலகத்தை. நானும் யாராவது ஒருவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று போனேன். அங்கே வாசலில் இருந்தவர், “சி.ஏ.ன்னா ஆடிட்டர்ல?” என்றார். சிரிப்பு வரவில்லை. ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு வெயிலில் பஸ்ஸில் வந்து போன நாள் அது.

திங்கட்கிழமை மனு நாளில் கொடுத்த மனு கதி இன்னும் மோசம். கணினியில் பதிந்து எண் கொடுத்தார்கள், சந்தோஷமாக வந்தேன். சில நாள் கழித்து நகராட்சி சுகாதாரப் பிரிவிலிருந்து போன். “தெருநாய் எந்தத் தெருவுல நிக்குது, பிடிக்க வண்டி அனுப்பணும்” என்றார்கள். மனுவில் நாய் என்ற சொல்லைப் பார்த்ததும் நகராட்சிக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வளர்ப்பு நாய், வீட்டு மாடி என்று நான் விளக்கியதும், “அப்ப எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்று மனுவை முடித்து வைத்துவிட்டார்கள். உங்கள் மனுவின் பொருள் வரியில் ‘கால்நடை பராமரிப்புத் துறையின் ஆய்வு கோரி’ என்று துறையின் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள். இரண்டாவது மனுவில் நான் அப்படித்தான் எழுதினேன், சரியான மேசைக்குப் போனது.

கதவு திறந்தது 34ஆம் பிரிவில். காவலருக்கு மேற்பட்ட நிலையில் உள்ள எந்தக் காவல் அதிகாரியும், இந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், விலங்கைக் கைப்பற்றி நடுவரிடமோ கால்நடை மருத்துவரிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். தலைமைக் காவலரே போதும். இந்த ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு, ரைட்டரைத் தாண்டி உதவி ஆய்வாளரைப் பார்க்க உட்கார்ந்தேன். அந்த அம்மா முழுப் பக்கத்தையும் படித்தார். நிமிர்ந்து கேட்ட கேள்வியில் மற்ற எல்லாரும் ஏன் நழுவினார்கள் என்பதும் எனக்குப் புரிந்துவிட்டது. “நாயைப் பிடிச்சா எங்கம்மா வைக்கிறது? ஸ்டேஷன்லயா?”

வழக்குச் சொத்தாகப் பிடிபட்ட விலங்கைக் காப்பகத்தில் வைக்க வேண்டும், செலவு உரிமையாளரைச் சேரும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. காப்பகத்துக்கு எங்கே போவது? நான் முன்பே விசாரித்து வைத்திருந்த தனியார் காப்பகத்தில் இடமில்லை, அடிபட்ட நாய்களை மட்டும் எடுக்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நானே சொன்னேன்: “பிடிக்க வேண்டாம் மேடம். டாக்டரோட ஒருத்தரை அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க, போதும்.” அவர் முகத்தில் ஒரு பாரம் இறங்கியது. அன்றே கடிதம் தட்டச்சாகியது. நாயைப் பறிமுதல் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவரை எல்லாக் கதவும் மூடியிருந்தது, நிலைமையைப் பார்வையிடச் சொல்லிக் கேட்டதும் ஒன்று திறந்தது. கோரிக்கையை அந்த அளவில் வைப்பது நல்லது என்பது என் எண்ணம். கோழைத்தனம் என்று சொல்பவர்கள் முதலில் ஒரு காப்பகத்தில் இடம் பிடித்துக் கொடுங்கள்.

மருத்துவரும் தலைமைக் காவலரும் வந்தார்கள். நான் கீழேயே நின்றேன், அதுதான் சரியும்கூட. கழுத்துப்பட்டைக்கு அடியில் புண், காது நிறைய உண்ணி, உள்ளங்காலில் தோல் உரிந்திருந்தது, எடை குறைவு. மருத்துவரிடம் முந்தின நாளே ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன்: ‘பராமரிப்பு போதாது’ என்று ஒரு வரியில் முடிக்காமல் சங்கிலியின் நீளம், நாயின் எடை, தண்ணீர் இருந்ததா, நிழல் இருந்ததா என்று அளந்து எழுதித் தாருங்கள் என்று. அப்படியே எழுதியிருந்தார். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் அவர்களிடம் இல்லை. ஐம்பது ரூபாய்க்கு அசையாத அண்ணாச்சி இதற்குத்தான் கொஞ்சம் பயந்தார். பேரப்பிள்ளைகள் உள்ள வீடு.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார்: நாயைக் கீழே போர்டிகோவில் வைப்பது, பகலில் நீளமான கயிறு, காலையும் மாலையும் வெளியே கூட்டிப்போவது, வைத்தியம், தடுப்பூசி. கடைசி வரியில், மீறினால் சட்ட நடவடிக்கைக்குச் சம்மதம் என்றும் சேர்க்கச் சொன்னேன். ரைட்டர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். நகல் கேட்டதற்குத் தர மாட்டேன் என்றார், உதவி ஆய்வாளர் சொன்ன பிறகு செல்போனில் படம் எடுக்க விட்டார். அதையே நான் பெரிய வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது சாயங்காலம் அவர்கள் வீட்டுப் பையன் நாயைக் கூட்டிக்கொண்டு போகிறான். என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான், நாய் திரும்புவதில்லை. தெருவில் இரண்டு வீட்டில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை, நவராத்திரிக்கு அழைப்பும் வரவில்லை. படம் எடுப்பதை மட்டும் நான் விடவில்லை, வாரத்துக்கு ஒன்று தேதியோடு இருக்கிறது. மறுபடி மாடிக்கு ஏற்றினால் மூன்று மாதக் கணக்கு அன்றைக்குத்தான் தொடங்கும்.

மாவட்டச் சங்கத்துக்கு உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தேன். மனு கால்நடை பராமரிப்புத் துறைக்கு மாற்றப்பட்டது என்று கடிதம் வந்தது. அங்கே கேட்டால் ஆட்சியர் அலுவலகத்தைக் கேட்கச் சொல்கிறார்கள். மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.