கொடி ஏன் கெரடி ஆனது

என் தங்கை மகன் மூன்றாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துக் காட்டுவான், அதுவும் வரிக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு. ஒருநாள் கோவைக்குப் போயிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாய் பாடத்தை முடித்துவிட்டது, விரல் இன்னும் மூன்றாவது வரியில் நிற்கிறது. பையன் வாசிக்கவே இல்லை, ஒப்பிக்கிறான். அவன் அம்மா இரண்டு தடவை படித்துக் காட்டினால் போதும், பாடம் முழுக்க மனப்பாடம். அப்பேர்ப்பட்ட பையனைத்தான் பள்ளி டைரியில் "சோம்பேறி, கவனம் இல்லை" என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகத்தில் வேறு ஒரு பக்கத்தைத் திருப்பி 'கொடி' என்ற சொல்லைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "கெரடி" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது. ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். கொ என்ற எழுத்தைப் பிரித்துப் பாருங்கள், முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். அந்தக் காலும் ர-வும் அச்சில் கிட்டத்தட்ட ஒரே உருவம். அப்படியானால் கெ, ர, டி. கண்ணுக்குத் தெரிந்ததைத்தானே பையன் படித்திருக்கிறான்! ஆங்கிலத்தில் b-யையும் d-யையும் மாற்றிப் போடுவதுதான் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு, என்று எங்கேயோ படித்துவிட்டு, இவன் அதைச் செய்யவில்லை, அதனால் இவனுக்கு அது இல்லை என்று நாங்கள் ஒரு வருடம் நிம்மதியாக இருந்தோம். ல, ள, ழ குழப்பத்தையும் ஊரில் யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டோம்.

அந்த ஒரு வருடத்தில் செய்யாதது இல்லை. வல்லாரை லேகியம், ஞாபக சக்தி சிரப், அபாகஸ் வகுப்பு, கண் டாக்டர், கோயிலில் சரஸ்வதிக்கு அர்ச்சனை. மூளையைத் தூண்டிவிடுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டே படிப்பான் என்று ஒருவர் பல ஆயிரங்களைக் கேட்டார். கண்ணைத் திறந்துகொண்டு படித்தாலே எங்களுக்குப் போதும் என்று சொல்லிவிட்டு வந்தாள் தங்கை. லேகியத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த வருடம் போனது போனதுதான்.

கடைசியில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போனோம். முதலில் கண், காது சரியாக இருக்கிறதா என்று சான்று கேட்டார், அப்புறம் அறிவுத்திறன் சோதனை, அது முடிந்த பிறகுதான் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று தனித்தனியாகச் சோதனை. இந்தியாவில் பரவலாக எடுக்கப்படுவது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு. அறிவுத்திறன் சராசரி அல்லது அதற்கு மேல், வாசிப்பு மட்டும் வயதுக்கு மிகவும் கீழே, இதுதான் அவர்கள் தேடுவது. எங்களுக்கு இரண்டு நாளும் 4,500 ரூபாயும் ஆனது.

நடுவில் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று அவர் கேட்டபோது, என் மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், பத்தாவதில் மூன்று தடவை பெயில், ஆனால் வேலைக்கு வரும் பாகத்தை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தால் அளவு மனதில் நின்றுவிடும். திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே, "எனக்கும் போர்டைப் பாத்து எழுதறதுக்குள்ள அழிச்சுருவாங்கங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான். வாசிப்புக் குறைபாடு குடும்பவழியாக வருவது சகஜம் என்று சைக்காலஜிஸ்ட் சொன்னதை விட அது என்னை அதிகம் உலுக்கியது. அதுவரை பையனை அடித்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். அன்றோடு நிறுத்திவிட்டார்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதே நிலைமையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள், எல்லோருக்கும் ஒன்றையேதான் சொல்கிறேன். சான்றிதழுக்கு ஒரு வரிசை, உதவிக்கு வேறு வரிசை. ஒன்றில் நின்றால் இன்னொன்று தானாகக் கிடைக்காது, இரண்டிலும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

முதலில் சான்றிதழ். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது, அதில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உண்டு. டிஸ்லெக்சியா, எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா எல்லாம் அதற்குள் வரும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ், அப்புறம் 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை, 18-ல் வாங்குவது ஆயுளுக்கும் செல்லும். தனியாரிடம் எடுத்த சோதனை அறிக்கை இதற்குப் போதாது, அரசு அங்கீகரித்த மருத்துவக் குழு தர வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில் ஸ்வாவலம்பன் தளத்தில், அதிலேயே யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வரும். குழப்பமாக இருந்தால் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அறை எது என்று கேளுங்கள்.

நாங்கள் போன அரசு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) நான்கு முறை அலைந்தோம். சைக்காலஜிஸ்ட் வருவது வாரத்தில் ஒரே ஒரு நாள், அந்த ஒரு நாளும் இரண்டு தடவை அரசு விடுமுறையில் விழுந்தது. மூன்றாவது தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பையனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கை கால் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இது?" என்றார். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என்ன சொல்வது? அடுத்த தடவை அவனை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் வரிசையில் நின்றேன்.

தங்கைக்கு இந்த அட்டையே வேண்டாம். 'மாற்றுத்திறனாளி' என்று பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும், நாளைக்குப் பெண் கேட்டுப் போனால் யாராவது எடுத்துப் போடுவார்கள் என்பது அவள் பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை, நம் ஊர் அப்படித்தான். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு இதெல்லாம் வேண்டுமானால் காகிதம் வேண்டும், அதையும் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும். டிசம்பரில் ஞாபகம் வந்து ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் என்பது யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதும் இல்லை. 2021 நவம்பரில் டிஸ்கிராஃபியா உள்ள ஒரு நீட் மாணவிக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தேர்வு மையத்தில் தர மறுத்த வழக்கில், அது அவருடைய உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தலைமை ஆசிரியர் தயங்கினால் இதைச் சொல்லலாம், சண்டை போடாமல்.

இனி உதவி. அட்டை கையில் வந்த அன்றைக்கும் பையன் கெரடி என்றுதான் படித்தான். அவனை மாற்றியது ஒரு சிறப்பு ஆசிரியர், வாரத்துக்கு மூன்று வகுப்பு, மணிக்கு 500 ரூபாய். முதல் வகுப்பில் புத்தகமே எடுக்கவில்லை அவர். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, விரலால் எழுதவும் கூடவே வாய்விட்டுச் சொல்லவும் வைத்தார். விஜயதசமிக்கு நாம் செய்கிற அதே வேலை! நமக்கு ஒருநாள் சடங்கு, அவனுக்கு நான்கு மாதம். கண், காது, கை மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை, 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டனும் கில்லிங்ஹாமும் தொடங்கி வைத்தது. அடுத்தது இரண்டு நிறப் பேனா. எழுத்து நீலம், கொம்பும் காலும் சிவப்பு. கால் சிவப்பானதும் அது ர இல்லை என்று கண்ணுக்கே தெரிந்துவிட்டது. எத்தனை லட்சம் செலவு செய்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது.

ஆளைத் தேடும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், ஆர்சிஐ என்பார்கள், பதிவு செய்தவரா என்று கேட்டு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். டியூஷன் சென்டரில் 'ரெமடியல்' என்று போர்டு வைத்துவிட்டு அதே வீட்டுப்பாடத்தைப் பத்துத் தடவை எழுத வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கும் ஒருவர் கிடைத்தார், ஒரு மாதம் அழுதான் பையன்.

காசு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையில் டிஇஐசி என்று கேட்டால் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் காட்டுவார்கள், அங்கே கட்டணம் இல்லை. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து இதே வேலையாக இருக்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மட்டும் இல்லாமல் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறார்கள். பள்ளி எதற்கும் வளைந்து கொடுக்கவில்லை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஐந்து பாடம் போதும், ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம். அதைத் தோற்றவர்கள் போகும் இடமாகப் பேசுபவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

பையன் இப்போது நான்காம் வகுப்பு. அறிவியல் பாடத்தைக் கைப்பேசி படித்துக் காட்டக் கேட்டுக்கொள்கிறான், அதற்கு இலவச ஆப்பே போதும். தமிழை மட்டும் கண்ணால் படிக்க வேண்டும் என்பது தங்கையின் கண்டிப்பு. போன வாரம் போனபோது சாமான் சீட்டை அவனே எழுதிக் கொடுத்தான், நீலமும் சிவப்புமாக. கொத்தமல்லி சரியாக இருந்தது. தக்காளிக்கு 'லி' போட்டிருந்தான், திருத்தாமல் வாங்கி வந்தேன். மாப்பிள்ளை அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பட்டறைக்கும் ஒரு சிவப்புப் பேனா வாங்கி வரச் சொன்னார். மறுபடி சோதனைக்குப் போக வேண்டிய மாதத்தை, அவனுக்கு 14 முடியும் மாதத்தை, நான் இப்போதே கைப்பேசியில் குறித்து வைத்துவிட்டேன். தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை.