மாட்டுக்கறி காய் வறுவல்: யூடியூப் சொல்கிறபடி செய்தால் வேகாது

மாட்டுக்கறியையும் காயையும் இரண்டே நிமிஷத்தில் புரட்டி எடுக்கிற வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. கறியை மெல்லிசாக வெட்டி, சோயா சாஸும் சோளமாவும் போட்டுப் பிசறி, புகை கிளம்புகிற சட்டியில் தள்ளி இறக்கினால் முடிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சென்னையில் புளியந்தோப்பிலோ வியாசர்பாடியிலோ வாங்கிய கறியை அப்படிச் செய்தால் ராத்திரி முழுக்க மென்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் சினைக்கும் ஆகாது என்று சான்றிதழ் வாங்கிய மாட்டைத்தான் பொதுவாக வெட்ட முடியும். எருமைக்கும் இதேதான். அந்த வீடியோக்களில் இருப்பதோ கறிக்கென்றே தீனி போட்டு வளர்த்து, இரண்டு வயசு வாக்கில் வெட்டிய மாடு. நம்முடையது வண்டி இழுத்து, கன்று போட்டு, பால் கறந்து ஓய்ந்தது. உழைத்த தசையில் ஜவ்வு முற்றியிருக்கும். ஈரத்தோடு சேர்ந்த சூட்டில் அது நிதானமாகக் கரைந்தால்தான் கறி மெத்தென்று வரும், எவ்வளவு பெரிய தீ வைத்தாலும் இரண்டு நிமிஷத்தில் நடக்கிற வேலை இல்லை. ஆனால் ருசி என்று வந்தால் நம்ம கறிதான், இதற்கு நான் யாரோடும் சண்டைக்கு வருவேன்.

ஆப்ப சோடாவைக் கொஞ்சமாகப் பிசறி, கால் மணி நேரம் வைத்துக் கழுவினால் இளகும் என்பார்கள். இளங்கறிக்கு அது சரி, பத்து வயசு மாட்டுத் தொடைக்குப் பத்தாது, அதிகம் போட்டால் சோப்பு வாடை வரும். பப்பாளிக்காய் அரைத்துப் போட்டால் வெளிப்பக்கம் கொழகொழத்துப் போய் உள்ளே அப்படியே இருக்கும். ஆகவே குக்கர்தான்.

நம்ம பக்கத்தில் இது ஒன்றும் புதுசு இல்லை. பெரம்பூர் ரயில்வே குடும்பங்களில், ஆங்கிலோ இந்தியர் வீட்டுச் சமையலில், வெந்து மீந்த கறியை வெங்காயமும் மிளகாயும் போட்டு வதக்கி ஜால்ப்ரேசி என்பார்கள். முதலில் வேகவைக்கிறது, அப்புறம் வதக்குகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். கறியில் காய் போடுகிறதும் பழைய வழக்கம்தான். முள்ளங்கி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு என்று எது கிடைத்தாலும் போட்டுக் குழம்பு வைத்தார்கள், அரைக் கிலோ கறி ஆறு பேர் தட்டுக்கு வரவேண்டும் என்றால் வேறு என்ன வழி?

கடையில் தொடைக்கறி அரைக் கிலோவை ஒரே கட்டியாகக் கேளுங்கள். நான் கேட்டால் கடைப் பையன் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “இன்னாக்கா, முழுசாவா எடுத்துனு போறீங்க?” என்பான். ஆமாம், முழுசாகத்தான். வீட்டுக்கு வந்து கழுவி இரண்டு மூன்று பெரிய துண்டாக்கி, உப்பு, மஞ்சள்தூள், தட்டிய இஞ்சி பூண்டு, ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்துக் குக்கரில் வையுங்கள். ஐந்து விசில், அதற்குப் பிறகும் கத்தி சுலபமாக இறங்கவில்லை என்றால் இன்னும் இரண்டு. எருமையாக இருந்தால் எட்டுகூட ஆகலாம். வெந்த கறியை எடுத்து ஆறவிடுங்கள், இதில் அவசரம் கூடாது. சூட்டோடு வெட்டினால் பிய்ந்து உதிரும், ஆறியபின் வெட்டினால் விரல் நீளத்துக்கு ஒழுங்காக வரும். வெட்டும்போது நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே கத்தியை வையுங்கள். வெந்த கறியில் நார் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும், பச்சைக் கறியில் வழுக்கிக்கொண்டு வெட்டுகிற தொல்லையும் இல்லை. குக்கரில் மிச்சமிருக்கிற சாற்றை ஒரு கரண்டி அளவுக்குச் சுண்டவைத்துத் தனியே வையுங்கள்.

காய் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பீன்ஸ், கேரட், குடைமிளகாய், கோஸ், பெரிய வெங்காயம், இவ்வளவு போதும். கழுவிய ஈரம் போகத் துணியில் துடைத்துவிட வேண்டும். வீட்டு அடுப்பின் தீ வண்டிக்கடை அடுப்பு மாதிரி இரையாது, ஈரக் காயை ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, வதங்குவதற்குப் பதில் வெந்துவிடும். மூடி போடவே கூடாது.

இரும்புச் சட்டியில் இரண்டு மூன்று ஸ்பூன் எண்ணெய் விட்டு நன்றாகக் காய்ந்ததும் கறியைப் பரப்பி ஒரு நிமிஷம் கரண்டி படாமல் விடுங்கள். ஓரம் கருஞ்சிவப்பாகி, அடியில் ஒட்டியது தானாக விடும்போது புரட்டி, தட்டில் எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் நறுக்கிய பூண்டு, கீறிய பச்சை மிளகாய், வெங்காயம், பின்னாலேயே பீன்ஸும் கேரட்டும், இரண்டு நிமிஷம் கழித்துக் குடைமிளகாய், கடைசியாகக் கோஸ். இப்போது கறியைத் திரும்பப் போட்டு, சுண்டிய சாறு, ஒரு ஸ்பூன் சோயா சாஸ், கொரகொரப்பாக இடித்த மிளகு தாராளமாக. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், சாற்றிலும் சாஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. முதலிலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுக்கொள்ளும். சிவப்புக் கலர் பவுடர் வேண்டவே வேண்டாம், பாஸ்ட் புட் கடைக்காரர்கள் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சுடச்சுடச் சோறும் ரசமும் இருந்தால் போதும், சப்பாத்திக்கும் சரிதான். மறுநாளைக்கு எடுத்துவைக்க வேண்டும் என்றால் காய் சேர்ப்பதற்கு முன்பே பாதிக் கறியை ஒதுக்கி பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காய் சேர்ந்த வறுவலைச் சூடு பண்ணினால் கோஸ் துவண்டு கூட்டு மாதிரி ஆகிவிடும்.