ஓய்வுக்கு முன்பே பென்ஷனைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது: மத்திய அரசு ஊழியர்களுக்கு

1.1.2004-க்கு முன் பணியில் சேர்ந்து பழைய பென்ஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கானது இது. பென்ஷன் கோப்புகளோடு பழகியதில் தெரிந்த விஷயம்: கணக்கு பெரும்பாலும் இரண்டு எண்களில்தான் பிசகும். ஒன்று தகுதிப் பணிக்காலம் (பென்ஷனுக்கு எண்ணப்படும் பணிக்காலம்), மற்றது கடைசி ஊதியம். இவை சரியாக இருந்தால் மிச்சமெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான்.

முதலில் சர்வீஸ் புக்கை (பணிப் பதிவேட்டை) வாங்கிப் பாருங்கள். ஓய்வுக்கு ஐந்து ஆண்டு இருக்கும்போதே தகுதிப் பணிக்காலத்தைச் சரிபார்த்துச் சான்று தரவேண்டும் என்பது 2021-ம் ஆண்டு பென்ஷன் விதிகளிலேயே இருக்கிறது. அந்தச் சான்று உங்களிடம் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். பக்கம் பக்கமாகப் பார்க்கவேண்டியது, ஒவ்வோர் ஆண்டுக்கும் 'பணி சரிபார்க்கப்பட்டது' என்ற பதிவும் அதன் கீழே கையெழுத்தும் இருக்கிறதா என்பதை. இடமாற்றம் நடந்த ஆண்டுகளில்தான் பெரும்பாலும் அது விடுபட்டிருக்கும். பழைய அலுவலகம் புதிய அலுவலகம் போட்டுக்கொள்ளும் என்று விட்டிருக்கும், புதிய அலுவலகமும் அப்படியே நினைத்திருக்கும். பழைய சம்பளப் பட்டியலைத் தேடி எடுத்து அந்த இடைவெளியை அடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கடைசி ஆறு மாதத்தில் அதைத் தொடங்கினால் பென்ஷன் உத்தரவே தள்ளிப்போகும்.

சம்பளமில்லா விடுப்பில் எது கழியும் என்பதையும் கவனியுங்கள். மருத்துவச் சான்றோடு எடுத்தது பணிக்காலத்தில் சேரும். சொந்த வேலைக்காக எடுத்தது சேராது. அனுமதியில்லாமல் வராமலிருந்த நாட்களும் சேராது. மருத்துவச் சான்று கொடுத்தும் 'சம்பளமில்லா விடுப்பு' என்று மட்டும் பதிவாகியிருந்தால், இப்போதே திருத்தக் கேட்கவேண்டும்.

33 ஆண்டு முடிந்தால்தான் முழு பென்ஷன் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது பழைய கதை. இப்போது 10 ஆண்டு தகுதிப் பணிக்காலம் இருந்தாலே, கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம் அல்லது கடைசி 10 மாத சராசரியில் 50 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது கிடைக்கும். 33 ஆண்டு இன்றைக்குப் பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) மட்டும்தான் உச்சவரம்பு.

ஓர் உதாரணம். ஊதிய நிலை லெவல் 7, அடிப்படை ஊதியம் 68,000 ரூபாய். 10.3.1992-ல் சேர்ந்து 30.11.2025-ல் 60 வயதில் ஓய்வு. அன்றைய அகவிலைப்படி 58 சதவீதம், அதாவது 39,440 ரூபாய்.

பென்ஷன் 34,000. இதில் அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி எதுவும் சேராது. பணிக்கொடைக்கும், எடுக்காமல் மிஞ்சிய விடுப்புக்குக் கிடைக்கும் விடுப்புப் பணத்துக்கும் அகவிலைப்படி சேரும், வாடகைப்படி சேராது. மொத்தச் சம்பளத்தில் பாதி பென்ஷன் என்று எண்ணிக் குடும்பச் செலவைத் திட்டமிடுபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பணிக்கொடை ஒவ்வோர் அரையாண்டுக்கும் கால் மாத ஊதியம், அதிகபட்சம் 16.5 மாதம், உச்சவரம்பு 1.1.2024 முதல் 25 லட்சம். நம் உதாரணத்தில் ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 1,07,440; 1,07,440 × 16.5 = 17,72,760 ரூபாய். இதே ஊழியருக்குச் சொந்த வேலைக்கான சம்பளமில்லா விடுப்பு ஓராண்டு இரண்டு மாதம் கழிகிறது என்று வையுங்கள். பணிக்காலம் 32 ஆண்டு 6 மாதம் 21 நாள் ஆகும். அரையாண்டுக்கு மேல் மீதி மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் இன்னோர் அரையாண்டாக எண்ணுவார்கள். 21 நாள் போதாது. எனவே 65 அரையாண்டு, 16.25 மாதம், 17,45,900 ரூபாய். ஓர் அரையாண்டு குறைந்ததற்கு 26,860 ரூபாய் போய்விட்டது. சர்வீஸ் புக்கில் நாள் கணக்கு வரை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஈட்டிய விடுப்பு 300 நாள் முழுதாக இருந்தால் 1,07,440 ÷ 30 × 300 = 10,74,400. எல்டிசியோடு (விடுப்புப் பயணச் சலுகை) சேர்த்து 10 நாள், 10 நாளாகப் பணமாக்கியவை இந்த 300-ல் கழியாது. ஈட்டிய விடுப்பு குறைவாக இருந்தால் அரைச் சம்பள விடுப்பைக் கொண்டு 300 வரை நிரப்பலாம். அந்த நாட்களுக்கு அரைச் சம்பளக் கணக்குதான்.

கம்யூட்டேஷன்தான் நிதானமாக யோசிக்கவேண்டியது. பென்ஷனில் 40 சதவீதம் வரை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கலாம். 60 வயதில் ஓய்வு பெறுபவருக்கு அடுத்த பிறந்தநாள் 61 என்பதால், ஓராண்டுத் தொகையைப் பெருக்கவேண்டிய காரணி 8.194. 13,600 × 12 × 8.194 = 13,37,261 ரூபாய். பிறகு 15 ஆண்டு மாதம் 13,600 பிடிப்பார்கள், மொத்தம் 24,48,000. கடனாகப் பார்த்தால் ஏறத்தாழ 9 சதவீத வட்டி. இடையில் இறந்தால் குடும்ப பென்ஷனில் பிடித்தம் கிடையாது; வாங்கிய தொகைக்கு வருமான வரியும் இல்லை. வீட்டுக்கடனோ மகள் திருமணமோ முன்னால் நிற்காதவர் முழு 40-ஐயும் எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை என்பது என் கருத்து. ஓய்வுக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை வேண்டாம், அதற்குள் முடிவெடுங்கள்.

முழு 40 சதவீதத்தையும் கம்யூட் செய்தால் மாதம் 20,400 வரும். அகவிலை நிவாரணம் (பென்ஷனுக்கான அகவிலைப்படி) மட்டும் குறைக்காத 34,000-க்கே கணக்கிடப்படும்: 19,720. ஆக 40,120. இதைச் சேர்க்க மறப்பவர்கள் அதிகம்.

ஓய்வு நாளைப் பொறுத்து இரண்டு சங்கதிகள். ஜூன் 30 அல்லது டிசம்பர் 31-ல் ஓய்வு பெற்று, மறுநாள் வரவேண்டிய ஊதிய உயர்வுக்குத் தேவையான பணியை முடித்திருந்தால், 2024 அக்டோபர் உத்தரவுப்படி அந்த உயர்வு பென்ஷனுக்கு எண்ணப்படும். நம் ஊழியர் டிசம்பர் 31-ல் போயிருந்தால் 70,000-ல் பாதி, 35,000. பணிக்கொடையும் விடுப்புப் பணமும் 68,000-க்கேதான். இரண்டாவது, அகவிலைப்படி உத்தரவு பெரும்பாலும் பின்தேதியில் வரும். 2025 ஜூலை கடைசியில் போனவருக்கு அப்போது 55 சதவீதத்தில் போட்டிருப்பார்கள். பிறகு ஜூலை 1 முதலே 58 என்று உத்தரவு வந்தது. 68,000 ஊதியத்துக்குப் பணிக்கொடையில் 33,660, விடுப்புப் பணத்தில் 20,400 வித்தியாசம். கோப்பைத் தானாகத் திறப்பார்கள் என்று காத்திராமல் மனு கொடுங்கள்.

வரவில் கழியவேண்டியதையும் எழுதிக்கொள்ளுங்கள். அரசுக் குடியிருப்பில் இருந்தால் வாடகைப் பாக்கி பணிக்கொடையில் பிடிபடும். சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு மருத்துவத் திட்டம்) ஆயுள் அட்டை வேண்டுமென்றால் பத்தாண்டுச் சந்தா மொத்தமாக, லெவல் 7-க்கு மாதம் 650 என்ற கணக்கில் 78,000 ரூபாய். ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) சந்தா ஓய்வுக்கு மூன்று மாதம் முன்பே நின்றுவிடும். அது உங்கள் சேமிப்பு, பென்ஷன் கணக்கில் கலக்காதீர்கள்.

குடும்ப பென்ஷன் ஓய்வுக்குப் பின் இறந்தால் 7 ஆண்டு அல்லது இறந்தவருக்கு 67 வயது நிறைந்திருக்கக்கூடிய நாள், எது முந்தியதோ அதுவரை 34,000. அதன்பின் 30 சதவீதக் கணக்கில் 20,400. துணையின் பெயரும் பிறந்த தேதியும் குடும்ப விவரப் படிவத்திலும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் முன்பின் மாறியிருந்தாலும் நீங்கள் பணியில் இருக்கும்போதே திருத்தி வாங்கிவிடுங்கள்.