மறைத்த முகவரியும் ஒட்டிய முகவரியும்

லண்டனில் ஓர் உள்ளாட்சி மன்றத்தின் தேர்தல் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். தேர்தல் என்றதும் எல்லோருக்கும் வாக்குப்பதிவு நாள்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு உண்மையான தலைவலி வேட்புமனு வாரம். கடைசி நாளன்று மாலை 4 மணி தாண்டி வந்தவர் அமைச்சரே ஆனாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். நாடாளுமன்றத் தேர்தல் என்றால் பத்து வாக்காளர்களின் கையெழுத்தும் 500 பவுண்டு டெபாசிட்டும் வேண்டும். கூடவே வீட்டு முகவரிப் படிவம் என்று தனியாக ஒரு தாள் உண்டு. அந்தத் தாளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒரு காலத்தில் அதற்குத் தேவையே இருக்கவில்லை. வேட்பாளரின் வீட்டு எண், தெரு எல்லாம் வாக்குச்சீட்டிலேயே அச்சாகும்; வாக்குச் சாவடிக்குப் போன அத்தனை பேரும் பார்க்கலாம். கன்சர்வேட்டிவ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜூலியன் லூயிஸ் இதை மாற்றப் பாடுபட்டார். 2009 மார்ச்சில் அவருடைய திருத்தத்தை நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை வாக்கெடுப்பில் ஏற்றது. அந்த ஆண்டு ஜூலையில் சட்டமாகி, 2010 பொதுத் தேர்தலிலிருந்து முகவரியை மறைக்கும் உரிமை வேட்பாளருக்குக் கிடைத்தது. மறைத்தவரின் பெயருக்குக் கீழே 'இன்ன தொகுதியில் முகவரி' என்று மட்டும் இருக்கும். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு இதே சலுகை வர 2019 ஆயிற்று. கவுன்சிலர்களின் உயிர் அதுவரை மலிவு போலும்.

காலம் பார்த்தால் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. உறுப்பினர்களின் செலவுக் கணக்குகளை வெளியிட வேண்டும் என்று 2008 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டாம் வீட்டுச் செலவுக்கு அவர்களுக்கு அரசுப் பணம் கிடைத்தது; எந்த வீட்டுக்கு வாங்கினார்கள் என்ற முகவரியும் அந்தக் கணக்கில் அடக்கம். தகவல் உரிமைச் சட்டத்தின் பிடியிலிருந்து அந்த முகவரிகளை விலக்கும் ஆணை விரைவிலேயே வந்துவிட்டது. 2009 ஜூனில் நாடாளுமன்றம் வெளியிட்ட கணக்குகளில் பக்கம் பக்கமாகக் கறுப்புப் பூச்சு. 'இரண்டாம் வீடு' எது என்பதைச் சிலர் வசதிக்கேற்ப மாற்றி மாற்றிக் காட்டியது நாட்டுக்குத் தெரிந்ததே பூச்சு இல்லாத பிரதி முன்பே ஒரு நாளிதழுக்குக் கசிந்ததால்தான். ஆகவே முகவரியை மறைப்பது பாதுகாப்புக்காக மட்டும்தானா என்று மக்கள் சந்தேகப்பட்டதில் தவறில்லை.

ஆனாலும் பயம் பொய்யில்லை. 2000-ஆம் ஆண்டு செல்ட்னமில் உறுப்பினர் நைஜல் ஜோன்ஸின் அலுவலகத்தில் வாளோடு நுழைந்தவனைத் தடுக்கப் போன உதவியாளர் ஆண்ட்ரூ பென்னிங்டன் உயிரிழந்தார். 2010-இல் ஸ்டீபன் டிம்ஸ் கத்தியால் குத்தப்பட்டுப் பிழைத்தார். 2016-இல் ஜோ காக்ஸும் 2021-இல் டேவிட் ஏமஸும் கொல்லப்பட்டார்கள். நான்கு சம்பவங்களும் மக்களைச் சந்திக்கும் இடத்தில் நடந்தவை, வீட்டில் அல்ல. இதை வைத்து முகவரி மறைப்பு வீண் என்று வாதிடுவோரைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்திக்காமல் இருக்க முடியாது. இரவில் பிள்ளைகள் தூங்கும் கதவையாவது விட்டுவைக்கலாம்.

அதே சமயம் எங்கள் அலுவலகத்துக்கு யார் வந்து கேட்டாலும் முழு வாக்காளர் பட்டியலை ஊழியர் முன்னிலையில் பார்க்கலாம், கையால் குறிப்பும் எடுத்துக்கொள்ளலாம். பெயர் மறைத்துப் பதிய அனுமதி பெற்றவர்களைத் தவிர எல்லோரும் அதில் இருப்பார்கள். பட்டியல் தெருவாரியாக இருப்பதால் தெரு தெரியாமல் ஒருவரைத் தேடுவது பெரும்பாடு. அந்தப் பெரும்பாடுதான் பாதுகாப்பு.

மேசையில் உட்கார்ந்தபோது எனக்குப் பிடிபட்ட ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. ஒருமுறை சுயேச்சையாக நிற்க ஒரு பெண்மணி வந்தார். மனுவை முறையாகக் கொடுக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளத்தான் வந்திருந்தார். பிரிந்து போன கணவருக்குத் தான் இருக்கும் இடம் தெரியக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். முகவரிப் படிவத்தில் மறைக்கும் கட்டத்தில் பேனாவை இரண்டு முறை அழுத்திக் குறியிட்டார். அடுத்த தாள் தேர்தல் முகவர் நியமனம்; வேட்பாளரின் தேர்தல் செலவுக்கும் நிர்வாகத்துக்கும் சட்டப்படி பொறுப்பேற்பவர்தான் முகவர். அதைக் காலியாகவே விட்டிருந்தார். "முகவரெல்லாம் வைத்துக்கொள்ள எனக்கு வசதி இல்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

அங்கேதான் சிக்கல். முகவரை நியமிக்காதவர் தானே தனக்கு முகவர் ஆகிவிடுகிறார். முகவருக்கு அலுவலக முகவரி வேண்டும். எதுவும் தராவிட்டால், மறைக்கச் சொன்ன அதே வீட்டு முகவரியைச் சட்டம் அந்த இடத்தில் வைத்துவிடும். வீடு சட்டம் அனுமதிக்கும் பகுதிக்கு அப்பால் இருந்தால் முன்மொழிந்தவரின் முகவரி அங்கே போய் உட்காரும். அந்த மனிதருக்கு இது தெரிந்தே இருக்காது. பிறகு முகவர்களின் பெயர், முகவரி கொண்ட அறிவிப்பை நாங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, இணையதளத்திலும் ஏற்றுவோம். அஞ்சல் பெட்டி எண் செல்லாது.

இதைச் சொன்னதும் அவர் என்னையே பார்த்தார். "அப்படியென்றால் இந்தக் கட்டத்தில் எதற்குக் குறியிடச் சொன்னீர்கள்?"

நியாயமான கேள்வி. பெரிய கட்சிக்காரருக்கு இது பிரச்சினையே இல்லை. கட்சி அலுவலகத்தின் முகவரியைக் கொடுத்துவிடுவார். 2009-இல் அந்தத் திருத்தத்துக்கு வாக்களித்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் அந்த வகை. தனக்குத்தானே முகவராக நிற்கும் ஏழைச் சுயேச்சை அவர்கள் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. அந்தப் பெண்மணிக்கு ஆலோசனை சொல்வது எங்கள் வேலை இல்லை என்றாலும் விதியை விளக்கலாம். அலுவலகம் வைத்திருக்கும் நண்பர் யாரையாவது முகவராக நியமிக்கலாம், அல்லது தன்னையே நியமித்துக்கொண்டு விதிக்கு உட்பட்ட வேறு அலுவலக முகவரியைத் தரலாம் என்றேன். தெரிந்த கணக்காளர் ஒருவரின் அலுவலக முகவரியோடு மறுநாள் வந்து மனுவைக் கொடுத்தார்.

தனக்குத்தானே முகவராக இருக்கும் வேட்பாளரின் வீட்டு முகவரி வெளியாகும் இந்த நிலையை மாற்றப்போவதாக அரசு 2025 ஜூலையில்தான் அறிவித்தது. முதல் வாக்கெடுப்புக்கும் இதற்கும் நடுவே பதினாறு ஆண்டுகள். இடையில் எத்தனை பேர் அந்தத் தாளைக் காலியாகவே கொடுத்துவிட்டுப் போனார்களோ. எங்கள் பலகையிலும் சில வீட்டு முகவரிகள் ஒட்டப்பட்டன. படிவத்தை அஞ்சல் போல் வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், "முகவர் தாளை மட்டும் இன்னொரு முறை படியுங்கள்" என்று ஒவ்வொரு சுயேச்சையிடமும் சொல்வதை நான் அதன்பின் வழக்கமாக வைத்துக்கொண்டேன். வரிசை நீண்டது என்று சக ஊழியர்கள் முணுமுணுத்தார்கள்.