காலியாக விட்ட பெயர்க் கட்டம்

"பேரைக் கேள்விக்குறியோடவாவது போட்டுட்டுப் போயேன், என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று, பழைய ஓடுகளைத் தரவுத்தளத்தில் பதியும் வேலையில் எனக்கு மூத்தவர் கேட்டார். "படிக்க முடிஞ்சதை மட்டும் போடறேன்" என்றேன். அந்தப் பதிலில் எவ்வளவு சரி, எவ்வளவு பிடிவாதம் என்று இன்னும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஏதென்ஸ் மண்ணில் கிடைத்த, கறுப்புப் பூச்சுக் கிண்ணம் ஒன்றின் அடிச்சில்லு அது. அதில் நான்கு கிரேக்க எழுத்துகள்: கப்பா, அந்தக் கால ஏதென்ஸ் பாணியில் ஆங்கில எல் போல நிற்கும் லம்டா, எப்சிலன், சிக்மா. '...கிளீஸ்' என்று முடியும் பெயர். பழைய ஏதென்ஸில் யாரை நாடுகடத்த வேண்டும் என்று அவர் பெயரை ஓட்டில் கீறி வாக்களிப்பார்கள்; அந்த வாக்கெடுப்பில் போட்ட ஓடுதான், அதில் எங்களுக்குள் சண்டையில்லை. யார் பெயர் என்பதில்தான். தெமிஸ்டோக்கிளீஸ், மெகாக்கிளீஸ், பெரிக்கிளீஸ் என்று அந்த ஊர் அரசியல்வாதிகள் எல்லாருமே அப்படித்தானே முடிகிறார்கள்!

கப்பாவுக்கு இடப்பக்கம், உடைந்த விளிம்பை ஒட்டி வளைந்த ஒரு கீறல். அது ஒமிக்ரானின், அதாவது வட்டமான 'ஒ' எழுத்தின், வலப்பாதி என்றால் மெகாக்கிளீஸும் பெரிக்கிளீஸும் விலகிவிடுவார்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். நான்கு எழுத்துகளின் பள்ளத்திலும் சுண்ணாம்புப் படிவு இறுகிக் கிடந்தது. வளைவில் மட்டும் பாதிவரை படிவு, மீதி புதிதாகக் கீறியதுபோலப் பளிச்சென்று செம்மண் நிறம். தோண்டும்போது கொத்து பட்டதா, கழுவியபோது பிரஷ் படிவை எடுத்துவிட்டதா?

"தெமிஸ்டோக்கிளீஸ்தான்" என்றார் அவர். காரணமில்லாமல் சொல்லவில்லை. 1937-ல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் வடசரிவில் ஒரு கிணற்றிலிருந்து சுமார் 190 ஓடுகள் வந்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டோக்கிளீஸ் பெயர், எழுதிய கைகளோ 14 மட்டுமே. மொத்தமாகக் கீறி வைத்து விநியோகிக்கத் தயாராக இருந்திருக்கிறார்கள். ஆனால் ஏதென்ஸின் பழைய இடுகாட்டுப் பகுதியான கெராமெய்கோஸ் போனால் இந்த வாதம் கவிழ்ந்துவிடும். அங்கே 1960-களில் கிடைத்த 8,000-க்கும் மேற்பட்ட ஓடுகளில் மெகாக்கிளீஸ்தான் முன்னணி. எது நிறையக் கிடைத்தது என்று பார்த்துக் கையிலுள்ள ஓட்டைப் படிக்கக் கூடாது என்பது என் கட்சி.

அவருடைய உண்மையான வாதம் வேறு. "பேர் இல்லாத ஓட்டை யார் தேடி வருவா?" கையெழுத்தை ஒப்பிடுகிறவர்கள் பெயரைப் போட்டுத்தான் தேடுகிறார்கள், எங்கள் ஓடு அவர்கள் கண்ணிலேயே படாது. நியாயம்தான். ஆனால் கேள்விக்குறியின் கதியையும் பார்த்திருக்கிறேன். சந்தேகமான எழுத்துக்கு அடியில் புள்ளி வைப்பது 1931-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வகுத்த முறை. எங்கள் தரவுத்தளத்திலிருந்து பட்டியலை வெளியே எடுத்தால் அந்தப் புள்ளி உதிர்ந்துவிடுகிறது. கேள்விக்குறியும் எங்காவது உதிர்ந்து, யாரோ போடும் அட்டவணையில் இன்னொரு தெமிஸ்டோக்கிளீஸ் கூடிவிடுவார்.

இதெல்லாம் கொள்கையா, பயமா? '...கிளீஸ்' என்று நிறுத்திவிட்டால் என்னை யாரும் தப்பு சொல்ல முடியாது. அதே நாட்களில், வாய்விளிம்புத் துண்டு ஒன்றுக்கு, வடிவத்தை மட்டும் வைத்துக் 'கி.மு. 480 வாக்கில்' என்று கூசாமல் எழுதினேன். அதுவும் ஊகம்தான். அங்கே கை தயங்கவில்லை. பெரிய மனிதர் பெயர் என்றதும் தயங்கியது. பெயருக்கு ஒரு நீதி, காலத்துக்கு ஒரு நீதியா என்று மூத்தவர் கேட்டிருந்தால் என்னிடம் பதிலில்லை. நல்லவேளை, கேட்கவில்லை.

பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கிறது. குறிப்புக் கட்டத்தில் வளைவைப் பற்றி எழுதி, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தின் எண்ணையும் சேர்த்தேன். அதன் கீழே 'ஒமிக்ரான் என்றே கருதுகிறேன்' என்று அவர் தன் பெயரெழுத்தோடு பதிந்தார். குறிப்புக் கட்டத்துக்குள் தேடல் போகாது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.