வலி நின்றால் போதும் என்கிறவர்கள்

மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் மெடிக்கல் வார்டுக்கு வருகிறவரிடம் "குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டால் உண்மை வராது. பக்கத்தில் மனைவி நிற்பார், சில சமயம் கல்லூரியில் படிக்கிற மகளும் நிற்பாள், அந்த இடத்தில் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? "எப்பவாவது சிஸ்டர், விசேஷம்னா மட்டும்" என்பார். பயிற்சி டாக்டரான ஹவுஸ் சர்ஜனும் அதையே கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். நான் என்ன செய்வேன் என்றால், வீட்டம்மாவைக் காப்பீட்டு அட்டை ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டு, பிளட் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய், "தினம் ஒரு குவார்ட்டரா, ரெண்டாண்ணே?" என்று கேட்பேன். "ரெண்டெல்லாம் இல்ல சிஸ்டர், ஒன்னுதான்" என்று நம்மைத் திருத்துவதற்காகவாவது மனுஷன் சரியாகச் சொல்லிவிடுவார்.

அந்த ஒன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அப்படியென்றால் சுத்த ஆல்கஹால் மட்டும் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' என்று மருத்துவத்தில் எடுத்துக்கொள்வது 10 கிராம், ஆக ஒரு குவார்ட்டரில் ஆறு இருக்கிறது. பீர் மட்டும்தான் அடிப்பேன், அது சூட்டைத் தணிக்கும் என்று சொல்கிற இளவட்டங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் 40 கிராம் உள்ளே போகிறது.

சரி, வலிக்கு வருவோம். எல்லோருக்கும் பயம் கல்லீரல்மேல்தான், "லிவர் போயிருச்சா சிஸ்டர்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் அந்த வலி பெரும்பாலும் கல்லீரலுடையது இல்லை. இரைப்பைப் புண்ணாக இருக்கும், இல்லையென்றால் கணையம் வீங்கியிருக்கும். கணைய வலிக்காரரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பார், வலி முதுகு வரைக்கும் துளைக்கும். கல்லீரலின் சதைக்குள் வலி நரம்பே கிடையாது, சுற்றியிருக்கிற உறையில்தான் உண்டு. வீங்கி அந்த உறை இழுபட்டால் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் தெரியும், அவ்வளவுதான். பலருக்கு அதுகூடத் தெரியாது. சத்தமில்லாமல் கெட்டு, கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்த பிறகுதான் வெளியே வரும்.

இதனால்தான் ஊசி போட்டு வலி நின்றவுடனே வீட்டுக்குப் போகத் துடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர், கிரேட் 1' என்று வந்திருக்கும், "கிரேட் ஒன்னுன்னா நல்லதுதானே?" என்று ஒருவர் உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஒரு விதத்தில் அவர் சொன்னதும் சரிதான். அந்தக் கட்டத்தில் குடியை அடியோடு விட்டால் கல்லீரலில் படிந்த கொழுப்பு சில வாரங்களிலேயே கரைய ஆரம்பிக்கும். தழும்பேறிச் சுருங்கிப்போன கல்லீரலுக்கு அந்த வசதி கிடையாது. இன்னொன்று, சிரோசிஸ் என்கிற அந்தத் தழும்பு நிலை வந்த பிறகும், கல்லீரலுக்காக ரத்தத்தில் பார்க்கிற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் ஏறக்குறைய நார்மலாகவே இருக்கலாம், ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு இல்லை என்று நிம்மதியடைந்தால் ஏமாந்துபோவோம்.

குவார்ட்டர் கணக்கை நான் இவ்வளவு துருவித் துருவிக் கேட்பதற்குக் கல்லீரலைவிட அவசரமான காரணம் ஒன்று உண்டு, அது அட்மிஷன் போட்டு இரண்டாவது, மூன்றாவது நாள் ராத்திரி தெரியும். ஒரு கொத்தனார், 'பழக்கம் இல்லை' என்று எழுதப்பட்டு வந்தவர். பகலில் கை லேசாக நடுங்கியது, பசி என்றார்கள். நடுராத்திரியில் எழுந்து கையில் ஊசி மருந்து ஏற்றக் குத்தியிருந்த வென்ஃப்ளானைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ரத்தம் வழிகிற கையாலேயே சுவரில் கரண்டி பிடித்துப் பூசிக்கொண்டிருந்தார், "கலவை எங்கடா, சீக்கிரம் கொண்டாடா" என்று யாரையோ அதட்டினார். உடம்பெல்லாம் வேர்வை. அவர் மனைவி காத்துக்கருப்பு என்று பயந்து திருநீறு பூசினார். டியூட்டி டாக்டர் வந்து ஊசி போட்டு அடங்கிய பிறகு, "சொல்லுங்கக்கா, தினமும் குடிப்பாரா?" என்று கேட்டேன், "காலையிலயே ஒரு கட்டிங் போட்டாத்தான் கை நிக்கும் சிஸ்டர், மானம் போயிடுமேன்னு சொல்லல" என்றார். தினம் குடிக்கிறவருக்குக் குடி திடீரென்று நின்றால் வருகிற குழப்பம் அது. முதலிலேயே சொல்லியிருந்தால் அதற்கான மாத்திரையை அன்றே தொடங்கியிருப்பார்கள். ஏன், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போட வேண்டும் என்பதுகூட இந்த ஒரு பதிலை வைத்துத்தான்.

வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வீட்டிலேயே நிறுத்திப் பார்த்து வலிப்போடு வந்தவர்களும் உண்டு. நிறுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை, டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள் என்கிறேன். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். லிவர் டானிக்கைக் குடித்துக்கொண்டே சரக்கையும் குடிப்பதில் ஒரு பலனும் இல்லை. கருப்பாக மலம் போனாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ வலி இருக்கிறதா இல்லையா என்று யோசிக்காமல் வண்டி ஏறிவிட வேண்டும்.

டிஸ்சார்ஜ் அட்டையில் 'மது அருந்தக் கூடாது' என்று ஒரு வரி எழுதித் தருகிறோம். அதை எப்படி விடுவது என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் பின்பக்கக் கட்டடத்தில், மனநலப் பிரிவில் இருக்கிறார்கள். போர்டைப் பார்த்ததும் "எனக்கென்ன பைத்தியமா?" என்று திரும்பிவிடுகிறார்கள் என்பதால் இப்போதெல்லாம் தனியாக அனுப்புவதில்லை, வார்டு அண்ணன் ஒருவரைத் துணைக்கு அனுப்புகிறோம். சிலர் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள். சிலர் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு நேராக கேட்டைத் தாண்டிவிடுகிறார்கள்.